கோடு போட்ட மாமா

என் தாய்மாமா கோவில்பட்டிக்காரர். ஹாக்கியோடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அவர், எந்தப் போட்டியிலும் மட்டை பிடித்து ஆடியதில்லை. சிறுவயதிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி அணிந்தவர். சுமார் 160 கிராம் எடையும் கல்லுக்கு நிகரான கடினமும் கொண்ட பந்து முகத்துக்கு நேரே வந்தால் என்ன ஆகும் என்று என் தாத்தாவுக்கு இருந்த பயமே அவருடைய ஆட்டக்காரர் வாழ்வைத் தொடங்கும் முன்பே முடித்துவைத்தது. ஆனாலும் 2024-இன் தொடக்கத்தில் அவர் இறந்தபோது, வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு காலத்தில் ஹாக்கி ஆடியவர்கள். ரயில்வேயிலும் காவல்துறையிலும் வங்கிகளிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைத்து, ஓய்வும் பெற்றுவிட்ட மனிதர்கள் அவர்கள்.

வெளியூர்க்காரர்களுக்குக் கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய் நினைவுக்கு வரும். 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதற்கு அடுத்தபடியாகத் தீப்பெட்டி. ஹாக்கி அங்கே எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது என்பது விளையாட்டுப் பக்கத்தை ஊன்றிப் படிப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. ஊருக்குள்ளும் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களிலும் ஹாக்கிக் கழகங்கள் ஏராளம். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி நடக்கும் நாட்களில் வடமாநிலத்து அணிகளெல்லாம் வந்து இறங்கும். டீக்கடையில் பஞ்சாபி கேட்கும். மாமா ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பெட்டி ஒட்டும் பெண்களுக்குக் கூலிக் கணக்கு எழுதுவது, குச்சியும் அட்டையும் வந்த வரவை எழுதுவது என்று பகல் முழுவதும் குனிந்தே இருக்கும் வேலை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சைக்கிளில் நேரே மைதானத்துக்குப் போய்விடுவார். வீட்டுக்கு வருவது இருட்டிய பிறகுதான். இந்த ஒழுங்கு மழைநாளில் மட்டுமே மாறும். மழை பெய்தால் மருந்தில் முக்கிய குச்சி காயாது, மைதானத்தில் ஆட்டமும் நடக்காது. அன்று அவர் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

மைதானத்தில் அவருக்கு இருந்த வேலை கோடு போடுவது. சம்பளம் இல்லாத, யாரும் நியமிக்காத வேலை அது. முன்பு அந்த வேலையைச் செய்துவந்த முதியவர் ஒருவர் படுத்துவிட, ஒருநாள் மாமா சுண்ணாம்புச் சட்டியைக் கையில் எடுத்தாராம். பிறகு யாரும் அதை அவரிடமிருந்து வாங்கவில்லை. ஹாக்கி மைதானத்தின் நீளம் 100 கஜம், அகலம் 60 கஜம். நான்கு பக்கக் கோடுகளும் நடுக்கோடும் எவரும் போட்டுவிடக் கூடியவை. கோல் முன்னால் இருக்கும் 'டி'தான் சோதனை. பார்ப்பவர்கள் அதை அரைவட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது அரைவட்டம் அன்று. இரண்டு கோல் கம்பங்களுக்கு இடையே 4 கஜம் இடைவெளி. ஒவ்வொரு கம்பத்தையும் மையமாக வைத்து 16 கஜ ஆரத்தில் ஒரு கால்வட்டம் வரைய வேண்டும். பிறகு அந்த இரண்டு வளைவுகளின் நுனிகளையும் கோலுக்கு நேர் எதிரே 4 கஜ நீளமுள்ள ஒரு நேர்கோட்டால் இணைக்க வேண்டும். வளைவு எங்கே முடிகிறது, நேர்கோடு எங்கே தொடங்குகிறது என்பது தெரியக் கூடாது. தெரிந்தால் அது மோசமான டி என்பார் மாமா.

இதற்காக அவர் கயிறு பயன்படுத்துவதில்லை. கயிறு இழுக்க இழுக்க நீளும்; காலையில் வரைந்த டியும் மாலையில் வரைந்த டியும் ஒன்றாக இருக்காது. 16 கஜம் அளந்து முனையில் வளையம் போட்ட கட்டுக்கம்பி ஒன்றை அவர் வைத்திருந்தார். அத்தை அதைத் துணி உலர்த்தும் கொடியாக்கிவிடுவாளோ என்று அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்த காலமும் உண்டு. சுண்ணாம்பை முந்தைய நாள் இரவே நீற்றி, ஆறவிட்டு, அத்தையின் சல்லடையில் சலித்துத்தான் எடுத்துப் போவார். சரியாக நீறாத சுண்ணாம்பு காலில் பட்டால் புண்ணாகிவிடும். அந்தக் காலத்தில் கிராமத்துப் பிள்ளைகளில் பலர் வெறுங்காலோடு ஆடியவர்கள். மட்டையும்கூட எல்லோரிடமும் இருந்ததில்லை. ஜலந்தரிலிருந்து வரும் மல்பெரி மரத்து மட்டை வாங்க வழியில்லாத பையன்கள், முனை வளைந்த வேலிக்கருவைக் கம்பை வெட்டிச் சீவி, சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றிப் பழகினார்கள்.

டியின் கோட்டுக்கு ஏன் அத்தனை மெனக்கெட வேண்டும் என்பதை நான் பள்ளிப் பருவத்தில்தான் விளங்கிக்கொண்டேன். கால்பந்தைப் போல ஹாக்கியில் எங்கிருந்து வேண்டுமானாலும் கோல் அடித்துவிட முடியாது. டிக்குள் வைத்துத் தாக்கும் அணியின் மட்டை பந்தைத் தொட்டிருந்தால்தான் கோல். வெளியிலிருந்து அடித்த பந்து யார் மேலும் படாமல் வலைக்குள் போனாலும் அது வெறும் பந்துதான். கோடும் டியின் பகுதியே என்பதால், ஒரு விரற்கடை தள்ளிப் போட்ட கோடு ஓர் அணியின் கோப்பையைப் பறித்துவிடும். அம்பயர் தப்புச் செய்தால் திட்டலாம், கோடு தப்பாக இருந்தால் யாரைத் திட்டுவது என்று கேட்பார் மாமா.

இந்தக் கோட்டுப் பைத்தியத்துக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். எனக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த நாள் பார்த்தபோது, அது ஒரு போட்டியின் இறுதி நாள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். மாமன் இல்லாமல் ஆசாரி ஊசியைத் தொடமாட்டார். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடிக்கும் வரை நான் அழுதுகொண்டிருக்க, கிடாய் வெட்டிய குழம்பு ஆறிப்போக, மாமா சைக்கிளில் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாராம். வெள்ளை வேட்டியில் படிந்திருந்தது சுண்ணாம்பு என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. என் அம்மா தன் அண்ணனிடம் அடுத்த பொங்கல்படி வரும்வரை பேசவில்லை. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அம்மாவுக்குக் கோபம் புதிதாக வரும். மாமாவோ, "டி போடாம எப்படித் தாயி வரச் சொல்லுத?" என்று என்னிடமே நியாயம் கேட்பார்.

எனக்கு விளையாட்டைப் பார்க்கக் கற்றுத் தந்தவர் அவர். விளையாட்டைப் பார்ப்பதற்குப் பயிற்சி வேண்டும் என்பதே பலருக்கு விசித்திரமாகப் படலாம். மைதானத்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்து அவர் சொன்ன முதல் பாடம் இது: "பந்து எங்க போவுதுன்னு அம்பயர் பாத்துக்கிடுவாரு. நீ பந்து இல்லாதவன் எங்க ஓடுதான்னு பாரு." வலது விளிம்பில் ஒருவன் பந்தைக் கொண்டுபோகும்போது, இடது பக்கத்தில் தனியாக ஓடிக்கொண்டிருப்பவன்தான் அடுத்த கணத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறவன். ஹாக்கி மட்டையின் உருண்ட பின்பக்கத்தால் பந்தைத் தொடக் கூடாது. எல்லா மட்டைகளும் வலக்கைக்காரர்களுக்கென்றே செய்யப்படுவதால், இடதுபுறத்திலிருந்து வரும் எதிராளியை விட வலதுபுறத்திலிருந்து வருகிறவனைச் சமாளிப்பது வேறு வித்தை என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே போவார். கணக்குப்பிள்ளைக்கே உரிய பொறுமையோடு, ஓர் அணி எத்தனை முறை டிக்குள் நுழைந்தது, அதில் எத்தனை முறை பெனால்டி கார்னர் (எதிரணியின் தவறுக்காகக் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டுக் கோலுக்கு அடிக்கும் வாய்ப்பு) வாங்கியது என்று பழைய கூலி நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் கட்டி எழுதுவார். இன்று தொலைக்காட்சியில் 'டி நுழைவுகள்' என்று புள்ளிவிவரமாகக் காட்டுவதை, அவர் பேனாவாலேயே செய்துவைத்திருந்தார்.

நாட்டின் ஹாக்கி அவருக்குப் பெரும்பாலும் காது வழியாகவே வந்தது. 1975 மார்ச் 15 அன்று கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், இந்தியாவும் பாகிஸ்தானும். அகில இந்திய வானொலியில் ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வர்ணனை. மாமாவுக்கோ இந்தியில் ஓர் எழுத்து தெரியாது. டீக்கடை ரேடியோவைச் சுற்றி நின்ற கூட்டத்தில் எவருக்கும் தெரியாது. ஆட்டக்காரர்களின் பெயர்கள் மட்டும் புரியும். குரல் ஏறுவதும் இறங்குவதும் புரியும். பெயர் இந்தியப் பெயராக இருந்து குரல் ஏறினால் பந்து எதிரணியின் டியை நெருங்குகிறது. பெயர் பாகிஸ்தான் பெயராக இருந்து குரல் ஏறினால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் அவர்கள் ஹாக்கி மேதை தியான்சந்தின் மகன் அசோக்குமார் அடித்த இரண்டாவது கோலைக் 'கேட்டார்கள்'. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதா, உள்ளே போய் வந்ததா என்று பாகிஸ்தான் தரப்பு வாதிட்டதை மறுநாள் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். 2-1 என்று இந்தியா வென்றது. அந்த அணியில் சென்னையைச் சேர்ந்த வி.ஜே. பிலிப்ஸ் இருந்தார் என்பதை மாமா கடைசிவரை சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதைப் போலவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு மறு ஆண்டே மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்தது. இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது. மண்ணிலும் புல்லிலும் பந்தை மட்டையோடு ஒட்டிக்கொண்டு நெளிந்து வளைந்து போகும் நம் ஆட்டம், பந்து சீராகவும் வேகமாகவும் ஓடும் அந்தத் தரையில் உடல் வலுவும் ஓட்டமும் கொண்டவர்களிடம் தோற்றது என்பது எல்லோரும் சொல்லும் காரணம். மாமா அதைப் பாதிதான் ஒப்புக்கொள்வார். தரை மாறப்போகிறது என்று தெரிந்த பிறகும் நாம் நம் பிள்ளைகளுக்கு அந்தத் தரையைக் கொடுக்கவில்லையே என்பது அவர் எழுப்பிய மறுபாதிக் கேள்வி. 1980 மாஸ்கோ தங்கத்தையும் அவர் பெருமையடித்துக்கொண்டதில்லை. சென்னைக்காரரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் கிடைத்த தங்கம் அது. இறுதியில் ஸ்பெயினை 4-3 என்று வென்றார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் பல நாடுகள் புறக்கணித்த அந்த ஒலிம்பிக்கில் ஹாக்கிக்கு வந்தவை ஆறே அணிகள், தான்சானியாவை 18-0 என்று தோற்கடித்ததை எந்த வாயால் சொல்லிக்கொள்வது என்று கேட்பார். ஊரில் அவரைக் கிறுக்கர் என்று சொன்னவர்கள் இதையும் ஒரு சான்றாகச் சொன்னதுண்டு.

பிறகு வந்தவை நீண்ட வறட்சியின் ஆண்டுகள். 1982 ஆசிய விளையாட்டில் டெல்லியிலேயே பாகிஸ்தானிடம் 1-7. 2000 சிட்னியில் போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலையில், முன்னிலை பெற்றிருந்தும் கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் கோல் வாங்கி 1-1. 2008 பெய்ஜிங்குக்குத் தகுதியே பெறவில்லை. 2012 லண்டனில் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோல்வி. இத்தனைக்கும் நடுவே கிரிக்கெட் நாட்டையே சுருட்டிக்கொண்டது. அவருக்குக் கிரிக்கெட் மீது வெறுப்பு இருந்ததாக நினைவில்லை. ஹாக்கியும் கிரிக்கெட்டும் இரண்டையும் இந்தியாவுக்காக ஆடிய சென்னையின் எம்.ஜே. கோபாலன், 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுவிட்டு இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஒரு டெஸ்ட்டிலும் ஆட வாய்ப்பின்றித் திரும்பிய கதையை மட்டும் கிரிக்கெட் பிள்ளைகளிடம் கொஞ்சம் குறும்போடு சொல்வார். பெர்லினில் ஹாக்கி அணி தங்கம் வென்றது என்பதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைப்பார்.

என்னைக் கேட்டால், நாடு தோற்றுக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான் மாமாவின் விளையாட்டுப் பற்று எத்தகையது என்பது தெரிந்தது. வெற்றி பெறும் அணிக்கு ரசிகனாக இருப்பது எளிது. தோற்கும் அணிக்கு ரசிகனாக இருப்பவர்களும் அந்தத் தோல்வியை ஒரு வகைக் காவியமாக்கிக்கொள்வதுண்டு. அவர் இரண்டும் செய்யவில்லை. இந்தியா எங்கே தோற்றாலும், மறுநாள் மாலை கோவில்பட்டியில் இரண்டு உள்ளூர் அணிகளுக்கு ஆட்டம் இருந்தது. அதற்கு டி வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்பு முடித்த பையன்களை விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அழைத்துப்போவது, சான்றிதழ்களுக்கு நகல் எடுத்துக் கையொப்பம் வாங்குவது, ஒதுக்கீட்டு வேலைக்கான விண்ணப்பங்களைத் தன் முத்துமுத்தான கையெழுத்தில் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் அவர் வேலையாகிப் போயின. எத்தனை குடும்பங்களில் அடுப்பெரிய அந்தக் கையெழுத்து காரணமாக இருந்தது என்பதை அவர் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. கணக்குப்பிள்ளை எழுதாமல் விட்ட ஒரே கணக்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

பின்னாளில் கோவில்பட்டிக்கும் செயற்கைப் புல்தரை வந்தது. கோடுகளெல்லாம் தரையோடு தரையாகவே பதிக்கப்பட்டு வந்துவிட்டன. கட்டுக்கம்பிக்கும் சுண்ணாம்புக்கும் வேலை போயிற்று. அவர் மனமுடைந்துபோவார் என்று அத்தை பயந்தாள். மாமாவோ முதல் நாளே தன் கம்பியைக் கொண்டுபோய்ப் புதிய டியை அளந்து பார்த்துவிட்டு, "சரியாத்தான் போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வாரத்திலிருந்து வேறு வேலை கிடைத்துவிட்டது. அந்தத் தரைக்கு ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளிக்க வேண்டும். காய்ந்த தரையில் பந்து தடுக்கும், விழுந்தால் முழங்கால் தோல் உரிந்துவிடும். தண்ணீர் எல்லா மூலைக்கும் போயிருக்கிறதா என்று செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்ப்பது அவர் புதிய கடமை. மண்தரையில் பழகியவர்களின் நளினம் இந்தத் தரையில் வராது என்று மற்ற பழையவர்கள் புலம்பியபோது அவர் சேர்ந்துகொள்ளவில்லை. மாறாக, 1990-களின் பிற்பகுதியில் ஆஃப்சைடு விதியை, அதாவது பந்துக்கு முன்னால் போய் எதிரணியின் கோலருகே காத்து நிற்பதைத் தடுத்த விதியை, எடுத்துவிட்டதைத்தான் கடைசிவரை மன்னிக்கவில்லை. அந்த விதி போனதால் ஆட்டம் விரிந்தது, கோல்கள் கூடின என்று நான் சொல்வேன். தடுப்பாட்டக்காரனின் மூளைக்கு வேலை போனது என்று அவர் சொல்வார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் இந்தியா 1-3 என்ற நிலையிலிருந்து மீண்டு ஜெர்மனியை 5-4 என்று வென்று, 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் பெற்றது. நான் சென்னையிலிருந்து தொலைபேசியில் அழைத்தபோது அவர் அழுதுகொண்டிருப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ, ஆட்டம் முடியச் சில வினாடிகளே இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் கொடுத்தது யாருடைய தப்பு என்பதைப் பற்றியே பேசினார். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் அதைத் தடுத்ததால் பிழைத்தோம்; அந்தக் கார்னரைக் கொடுத்திருக்கவே கூடாது என்றார். அத்தை பக்கத்திலிருந்து போனை வாங்கி, காலையிலிருந்து அவர் காபிகூடக் குடிக்கவில்லை என்று கோள் சொன்னாள்.

மறு ஆண்டு ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூரின் கார்த்தி செல்வமும் இடம்பெற்றார்கள். இருவரும் கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர்கள். அந்த அணி வெண்கலம் வென்றது. 2023 ஆகஸ்டில் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் நடந்தபோது மாமாவைச் சென்னைக்கு வரவழைத்தேன். அதற்குள் நெஞ்சு வலிக்கு மருந்து சாப்பிடத் தொடங்கியிருந்தார். படியேறினால் மூச்சு வாங்கும். ஜப்பானுக்கு எதிரான அரையிறுதியை என் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தோம். 5-0 என்ற அந்த வெற்றியில் கடைசிக் கோல் கார்த்தி செல்வத்துடையது. "நம்ம தரையில ஓடுன பய" என்று அவர் சொன்னது ஒரே ஒரு முறைதான்.

மறுநாள் இறுதி ஆட்டத்துக்கு அரங்கத்துக்குப் போனோம். எதிரணி மலேசியா, அதே தொடரில் சில நாட்களுக்கு முன்புதான் இந்தியா அவர்களை 5-0 என்று வென்றிருந்தது. கூட்டம் அந்த நினைப்பிலேயே வந்திருந்தது. இடைவேளையின்போது மலேசியா 3-1 என்று முன்னிலையில் இருந்தது. அரங்கத்தில் ஓர் இறுக்கமான அமைதி. மாமா மட்டும் உற்சாகமாகிவிட்டார். 1975 உலகக் கோப்பை அரையிறுதியிலும் இதே மலேசியாவிடம்தான் ஆட்டம் முடியும் தறுவாய்வரை பின்தங்கியிருந்தோம். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லம் ஷேர் கான் கழுத்துத் தாயத்தை முத்தமிட்டுப் பெனால்டி கார்னரில் கோல் அடித்துச் சமன்செய்தார், கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்து 3-2 ஆனது என்று பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத கல்லூரிப் பையன்களுக்குச் சொல்லத் தொடங்கினார். அவர்கள் கைபேசியில் தேடிச் சரிபார்த்துவிட்டு அவரைப் புதுக் கண்ணோடு பார்த்தார்கள்.

மூன்றாம் கால்பகுதியின் கடைசி நிமிடத்தில் ஹர்மன்பிரீத் சிங் கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஒரு கோல் அடித்தார். அரங்கம் எழுந்து உட்காரும் முன்பே குர்ஜந்த் சிங் இன்னொன்று அடித்தார். 3-3. கடைசிக் கால்பகுதியில் ஆகாஷ்தீப் சிங்கின் கோலால் 4-3. என் பக்கத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, மாமா மலேசிய வீரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா ஆடுனானுங்க தாயி. ஒரே ஒரு நிமிசம் கண்ணசந்துட்டானுங்க" என்றார். திரும்பும் வழியில் பேச்சு முழுவதும், போட்டிக்காகப் புதிதாகப் போட்ட அந்தத் தரையில் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்தன என்பதைப் பற்றித்தான்.

அதற்குப் பிறகு அவர் நெடுநாள் இருக்கவில்லை. ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது, பந்தலில் பழைய ஆட்டக்காரர்கள் கூடி உட்கார்ந்திருந்தார்கள். முதலில் தணிந்த குரலில் மாமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள், எப்போது திசை மாறினார்கள் என்று தெரியவில்லை; நான் அருகே போனபோது 1990-களில் நடந்த ஓர் உள்ளூர் இறுதியாட்டத்தின் வெற்றிக் கோலைப் பற்றிக் கைநீட்டிச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். அடித்தவர், பந்து டிக்குள் வந்த பிறகே தன் மட்டையில் பட்டது என்றார். தோற்ற அணியின் கோல்கீப்பர், அது கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி அடித்த பந்து, அம்பயருக்குக் கண் தெரியவில்லை என்றார். கோடு போட்டவர் மாமா என்பதால் கோட்டின் மீது இரு தரப்புக்கும் புகார் இல்லை. என் மாமன் மகன் உள்ளேபோய் அந்த ஆண்டுக் கூலி நோட்டைத் தேடி எடுத்து வந்தான். பின்பக்கத்தில் அந்த ஆட்டத்துக்கான கட்டங்கள் இருந்தன. டி நுழைவுகள், கார்னர்கள், முடிவு 2-1 என்பதெல்லாம் இருந்தன. சண்டைக்குரிய கோலின் எதிரே நேரம் மட்டும் எழுதியிருந்தது. இருவரும் அந்த வெற்றுக் கட்டத்தையே தங்கள் தரப்புக்குச் சான்றாகக் காட்டி மறுபடியும் தொடங்கினார்கள். திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "அவுக இருந்தா ரெண்டு பேர் சொல்லுததும் தப்புன்னுதான் சொல்லியிருப்பாக. இலை போட்டாச்சு, எந்திரிங்க" என்றாள். எழுந்து கை கழுவப் போகும் வழியிலும் அந்தக் கோல்கீப்பர் விடவில்லை.